தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வந்தா எங்க சாப்பிடலாம்? காலை இட்லியில இருந்து ஒகேனக்கல் மீன் குழம்பு வரைக்கும்

பெங்களூர்லருந்து சேலம், மதுரைன்னு போற பாதி பேர் எங்க ஊர் வழியாதான் போறாங்க, என்.எச். 44 கிருஷ்ணகிரியையும் தர்மபுரியையும் ஒட்டித்தான் போகுது, ஆனா யாரைக் கேட்டாலும் "அங்க சாப்பிட என்னங்க இருக்கு, ஹைவேல ஒரு இடத்துல நிறுத்தி பொங்கல் வடை சாப்டுட்டு கெளம்பிட்டோம்"னுதான் சொல்றாங்க. கேக்கும்போதே வயிறு எரியுது. ஹைவேல நிறுத்தினா அந்தப் பொங்கல் வடைதான் கெடைக்கும், அது வேலூர்லயும் கெடைக்கும் விழுப்புரத்துலயும் கெடைக்கும். போன மாசம் சித்தப்பா குடும்பம் வந்தப்போ அப்படி ஒரு பெரிய கண்ணாடி போட்ட ஹோட்டல்ல (பேர் வேணாம்) உக்காந்தோம், சாம்பார் ஆறிப்போய் ஏடு கட்டி இருந்துச்சு, வடை அன்னைக்கு போட்டதே இல்ல, சித்தி பாதியில எழுந்து கை கழுவிட்டாங்க, பில்லு மட்டும் குறையில்லாம வந்துச்சு. அதனாலதான் இதை எழுதறேன்.

இந்த மண்ணுல வெளையறது ராகி, வேர்க்கடலை, புளி, மாங்கா. தண்ணின்னா ஒகேனக்கல்ல காவேரி, கே.ஆர்.பி. டேம்ல (கிருஷ்ணகிரி அணை) தென்பெண்ணை. இதை வச்சு ஒழுங்கா ஆக்கிப் போடற கடைதான் எங்க ஊர் கடை. பெரும்பாலும் போர்டு இருக்காது, ஏசி இருக்காது, கை கழுவ ஒரு டிரம்மும் சொம்பும் இருக்கும், அவ்ளோதான்.

முதல்ல காலை டிபன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டை விட்டு வெளிய வந்து மெயின் ரோட்லயே நிக்காம உள்ள சந்துங்கள்ல நடந்தீங்கன்னா வீட்டு வாசல்லயே அடுப்பு வச்சு இட்லி ஊத்தற அக்காங்களைப் பாக்கலாம். துணி போட்டு ஊத்தற இட்லி, எடுத்து வச்சா அடியில துணியோட கோடு தெரியும், அந்த மாதிரி இடத்துல உக்காருங்க. சாம்பார் சுமாராதான் இருக்கும், அதை விட்டுடுங்க. வேர்க்கடலை சட்னி கேளுங்க. வறுத்த கடலை, காஞ்ச மிளகா, பூண்டு, துளி புளி வச்சு கெட்டியா அரைச்சது, தேங்கா கிடையாது, இட்லியைத் தொட்டு எடுத்தா அப்படியே ஒட்டிக்கிட்டு வரும். எனக்கு இந்த சட்னி இருந்தா வேற எதுவும் வேணாம். ஞாயித்துக்கிழமைன்னா சில கடையில குடல் குழம்பு இருக்கும், எட்டு எட்டரைக்கே தீந்துடும், லேட்டா எந்திரிக்கறவங்களுக்கு கெடைக்காது.

வெயில் காலத்துல வந்தீங்கன்னா பத்து மணிக்கு மேல டிபனுக்கு பதிலா கூழ் வண்டியில நின்னுக்குங்க. ராகி மாவை முந்துன நாளே கரைச்சு புளிக்க வச்சு, நொய் போட்டு காச்சி, ஆறுனதும் மோர் ஊத்தி சின்ன வெங்காயம் வெட்டிப் போட்டு சொம்புல தருவாங்க. தொட்டுக்க மோர் மிளகா, கொத்தவரங்கா வத்தல், மாங்கா பத்தை, கருவாடு. மே மாசம் இந்தப் பக்கம் வண்டி ஓட்டறவங்களுக்கு இதைவிட நல்ல காலை சாப்பாடு எனக்குத் தெரிஞ்சு இல்ல, ரெண்டு சொம்பு குடிச்சா மதியம் ரெண்டு மணி வரைக்கும் பசிக்காது.

இப்போ களி. இதை பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா வெளியூர்காரங்க நிறைய பேர் ஒரு வாய் வச்சுட்டு "என்னங்க இது ருசியே இல்ல"ன்னு ஒதுக்கிடறாங்க. களிக்கு தனியா ருசி தேட வேண்டாம், குழம்போட சேந்து உள்ள போகணும், அதுக்குத்தான் அது. தர்மபுரியிலருந்து பென்னாகரம் போற ரோட்ல தகர ஷீட் போட்ட கொட்டாய்ங்கள்ல பதினொரு மணிக்கு மேல களி கெடைக்கும். நான் வழக்கமா போற கொட்டாய்ல ஒரு வயசான அம்மாதான் கிண்டுவாங்க. நொய்யை நல்லா வேக வச்சு, மேல ராகி மாவைக் குவியலா கொட்டி, நடுவுல துடுப்பைக் குத்தி ஓட்டை போட்டு அப்படியே மூடி விட்டுருவாங்க, மாவு வெந்த வாசம் வந்தப்புறம்தான் கிண்ட ஆரம்பிப்பாங்க. சட்டியை ரெண்டு காலால அழுத்திப் புடிச்சுக்கிட்டு ரெண்டு கையால துடுப்பைச் சுத்தறதைப் பாத்தா நமக்கே தோள் வலிக்கும். அப்புறம் கிண்ணத்துல தண்ணி தடவி ஒரு உருட்டு உருட்டி இலையில போடுவாங்க, மேல பளபளன்னு இருக்கும், விரல் வச்சா ஒட்டாது. ஒட்டுச்சுன்னா வேகலன்னு அர்த்தம், திருப்பிக் குடுத்துடுங்க.

தொட்டுக்க கீரை கடைசல், கொள்ளு கடைசல், அவரைக்கொட்டை குழம்பு, கருவாட்டு குழம்பு, நாட்டுக்கோழி. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் உப்புசாறு வைப்பாங்க, பருப்பும் கீரையும் வேக வச்ச தண்ணியை வடிச்சு எடுத்து மிளகா பூண்டு அரைச்சு சேத்தது, அதுவும் களிக்கு அருமையா இருக்கும். ஆனா முதல் தடவை சாப்பிடறவங்க கீரை கடைசலோட ஆரம்பிங்க, கோழி குழம்பு காரம் ஜாஸ்தி. உருண்டை நடுவுல குழி பண்ணி குழம்பை ஊத்தி, ஓரத்துலருந்து கொஞ்சம் கொஞ்சமா கிள்ளி குழம்புல பொரட்டி முழுங்கிடணும். மென்னீங்கன்னா பல்லுல ஒட்டும். போன தடவை ஒரு பெங்களூர் பையன் பக்கத்துல உக்காந்து மென்னுக்கிட்டே இருந்தான், அந்த அம்மா வந்து "மெல்லாத சாமி, வழுக்கி விடு"ன்னு சொன்னாங்க, அதுக்கப்புறம் ரெண்டாவது உருண்டை கேட்டு வாங்கிச் சாப்டான். ரேஷன்ல அரிசிக்கு பதிலா 2 கிலோ ராகி குடுக்கற திட்டத்தை 2023-ல கொண்டு வந்தப்போ நீலகிரியோட சேத்து தர்மபுரியைத்தான் முதல்ல எடுத்தாங்க, ஏன்னா இங்க இன்னும் வீட்டுல தெனமும் களி கிண்டறாங்க. அந்த வீட்டுப் பக்குவம்தான் இந்தக் கொட்டாய்ங்கள்லயும் கெடைக்குது, ஹைவேல "ராகி ஸ்பெஷல்"னு போர்டு போட்டு விக்கறது இது கிட்ட கூட வராது.

மதியத்துக்கு மீன் வேணும், ஆனா ஒகேனக்கல் வரைக்கும் போக நேரமில்லன்னா கே.ஆர்.பி. டேமுக்கு போங்க. கிருஷ்ணகிரியிலருந்து தர்மபுரி போற வழியில, டவுனை விட்டு பக்கம்தான். 1950கள்ல காமராஜர் முதலமைச்சரா இருந்தப்போ கட்டுன டேம், பார்க் எல்லாம் இருக்கு, ஆனா எங்க ஊர்ல பாதி பேர் போறது வெளிய வரிசையா இருக்கற மீன் வறுவல் கடைங்களுக்குத்தான். ஜிலேபி, கட்லா, ரோகு இதெல்லாம் கீறல் போட்டு மசாலா தடவி தட்டுல அடுக்கி வச்சிருப்பாங்க. எனக்குப் பிடிச்சது ஜிலேபி, சின்னதா இருந்தாலும் முழு மீனா மொறுமொறுன்னு பொரிச்சா செதில் பக்கத்து தோலு தனி ருசி. கட்லா துண்டு பெருசா இருக்கும், குழந்தைங்களுக்கு அதை வாங்கிக் குடுங்க, முள்ளு பெருசு, எடுத்துடலாம்.

ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க, ஏற்கனவே பொரிச்சு குவிச்சு வச்சதை எடுக்காதீங்க, பச்சை மீனைக் காட்டி "இதைப் போடுங்கண்ணா"ன்னு சொல்லி நின்னு வாங்குங்க. மசாலா ரொம்ப செக்கச்செவேல்னு இருந்தா கலர் பொடி போட்டிருக்காங்கன்னு அர்த்தம், வீட்டு மிளகாத்தூள்னா செங்கல் கலர்லதான் இருக்கும். எண்ணெய் கருத்து நுரை கட்டி இருந்தா பேசாம அடுத்த கடைக்கு நடந்துடுங்க, கடைக்காரர் கோவிச்சுக்க மாட்டார், கோவிச்சுக்கிட்டாலும் வயிறு நம்மளுது.

ஆனா நாள் பூரா இருக்குன்னா ஒகேனக்கல்தான். தர்மபுரியிலருந்து 46 கிலோமீட்டர், பென்னாகரம் தாண்டினதும் காடு, வளைஞ்சு வளைஞ்சு இறங்கற ரோடு, யானை நடமாட்டம் இருக்கற இடம், அதனால சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே மேல ஏறிடுங்க. அருவி, பரிசல், எண்ணெய் மசாஜ் இதெல்லாம் பத்தி எல்லாருக்கும் தெரியும், நான் சாப்பாட்டுக்கு வரேன்.

அங்க இருக்கற ஹோட்டல்ல மீன் சாப்பாடு சாப்டுட்டு வந்து "ஒகேனக்கல் மீன் சாப்டோம்"னு சொல்லாதீங்க. மீனை நாமளே வாங்கணும், சமைச்சுக் குடுக்கறதுக்குன்னே அக்காங்க இருக்காங்க, அவங்க கிட்ட குடுக்கணும், அதுதான் முறை. போனதும் முதல் வேலை மீன் கடை, குளிக்கறது எல்லாம் அப்புறம். செவுளைத் தூக்கிப் பாருங்க, ரத்தச் சிவப்பா இருக்கணும், கண்ணு உள்ள போயிருக்கக் கூடாது, வயித்தை அமுக்கினா பள்ளம் நிக்கக் கூடாது. ஐஸ் வச்ச மீனும் நடுவுல இருக்கும், அதனால வெக்கப்படாம தொட்டுப் பாத்து வாங்குங்க. கெண்டை, வாளை, கெளுத்தி, சில நாள் ஆரா கெடைக்கும். குழம்புக்கு வாளை, வறுக்க கெண்டையோ ரோகுவோ, இது என்னோட கணக்கு.

வாங்கினதும் அந்த அக்கா பக்கத்துலயே நிப்பாங்க. "எத்தன பேரு தம்பி, ஒரு கிலோ கொழம்பு வெச்சு ஒரு கிலோ வறுத்துரட்டுமா, சோறு எவ்ளோ போடட்டும்"னு கேப்பாங்க. இங்கயே சமையல் கூலி எவ்ளோ, அரிசி மசாலா எண்ணெய் அவங்க வாங்கறாங்களா நாம வாங்கித் தரணுமா, வெறகு கூலி தனியான்னு எல்லாத்தையும் பேசி முடிச்சுடுங்க. இதைப் பேசாம விட்டவங்கதான் கடைசில சண்டை போடறாங்க. பேசி முடிச்சா அப்புறம் ஒரு பைசா கூட கேக்க மாட்டாங்க.

நீங்க போய் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள ஆயிடும், ஆனா ஒரு தடவையாவது யாராவது ஒருத்தர் அங்கயே உக்காந்து பாருங்க. மீனை கல்லுப்பும் மஞ்சளும் போட்டு பாறையிலயே தேச்சுத் தேச்சுக் கழுவுவாங்க, ஆத்து மீனுக்கு இருக்கற சேத்து வாடை போறது இதுலதான். மூணு கல்லு, வெறகு, அலுமினிய சட்டி. சின்ன வெங்காயம் பூண்டு தக்காளி வதக்கி, மிளகாத்தூளும் மல்லித்தூளும் போட்டு, புளியை கெட்டியா கரைச்சு ஊத்தி, குழம்பு சுண்டி எண்ணெய் மேல வந்தப்புறம்தான் மீனைப் போடுவாங்க. போட்டதுக்கப்புறம் கரண்டியே உள்ள போகாது. துணியால சட்டி விளிம்பை ரெண்டு பக்கமும் புடிச்சு ஒரு சுத்து சுத்தி இறக்கிடுவாங்க, ஒரு துண்டு கூட உடையாது. எங்க அம்மா முப்பது வருஷமா மீன் குழம்பு வைக்கறவங்க, அவங்களே அந்த அக்கா கிட்ட "எப்டிக்கா உடையாம வருது"ன்னு உக்காந்து கேட்டுட்டு இருந்தாங்க. அந்தக் குழம்பை சூடான சோத்துல ஊத்தி, நனைஞ்ச துணியோட பாறை மேல உக்காந்து சாப்பிடறப்போ இருக்கற ருசிக்கு எந்த ஹோட்டலும் வராது, நான் மனசாரச் சொல்றேன்.

குரங்கு மட்டும் ஜாக்கிரதை. இலையைப் போட்டுட்டு தண்ணி எடுக்கத் திரும்பினா வறுத்த மீன் இருக்காது. ஒருத்தர் கையில குச்சியோட காவலுக்கு உக்காந்துக்கணும், அவருக்கு கடைசில ரெண்டு துண்டு ஜாஸ்தி வச்சிடுங்க.

குறைன்னு பாத்தா சுத்தம்தான். இலை, பிளாஸ்டிக் டம்ளர், ஷாம்பு பாக்கெட்னு பாறை இடுக்கெல்லாம் கிடக்குது, இது கடைக்காரங்க தப்பு மட்டும் இல்ல, சாப்டுட்டு அப்படியே எழுந்து போறவங்க தப்பும்தான். காவேரி தமிழ்நாட்டுக்குள்ள வர்ற எடத்துலயே இப்படிப் பண்றோம்னு நெனச்சா வேதனையா இருக்கு. ஒரு பை எடுத்துட்டு போய் உங்க குப்பையை அதுலயே போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.

மாம்பழ சீசன்ல, அதாவது மே, ஜூன்ல வந்தீங்கன்னா கிருஷ்ணகிரி சுத்தி ரோட்டோரம் குவிச்சு விப்பாங்க, சாப்பிட செந்தூரா, மல்கோவா வாங்குங்க, பெங்களூரா ஜூஸ் ஃபேக்டரிக்குப் போற ரகம், அதை காயா வெட்டி உப்பு மிளகாத்தூள் தொட்டுச் சாப்பிட்டாத்தான் நல்லா இருக்கும். பிரியாணி வேணும்னு பசங்க அடம் புடிச்சா கிருஷ்ணகிரி பழையபேட்டை பக்கம் போங்க, தப்பா போகாது.

ஒகேனக்கல் கெளம்பறதுக்கு முன்னாடி நியூஸ்ல பிலிகுண்டுலுவுல (எல்லையில காவேரி தண்ணியை அளக்கற எடம்) நீர்வரத்து எவ்ளோன்னு பாத்துக்குங்க. கர்நாடகாவுல மழை புடிச்சு தண்ணி ஏறிடுச்சுன்னா பரிசலையும் குளிக்கறதையும் தடை பண்ணிடுவாங்க, அப்போ சமைக்கற அக்காங்களுக்கும் வேலை இருக்காது, மீனும் சரியா வராது. ஆடி 18 அன்னைக்கு கூட்டத்துல நிக்கவே எடம் இருக்காது, சாப்பாட்டுக்குன்னு வர்றவங்க அந்த வாரத்தை விட்டுட்டு வார நாள்ல வாங்க, காலையில பத்து மணிக்குள்ள அங்க இருந்தா மீனும் நல்லதா கெடைக்கும், அந்த அக்காவும் நிதானமா சமைப்பாங்க. போறப்போ மூடி இருக்கற ஒரு தூக்கு எடுத்துக்குங்க, குழம்பு மிஞ்சினா கவர்ல ஊத்தாம அதுல ஊத்திக்கிட்டு வந்து மறுநாள் காலையில இட்லிக்கு வச்சுக்கலாம்.