கோனோவீடர்: வாங்குவதற்கு முன்னால்

இளம் நாற்றை இடைவெளி விட்டு நடும் திருந்திய நெல் சாகுபடிக்கு மாற நினைப்பவர்கள் விதைக் கணக்கைத்தான் முதலில் பேசுவார்கள். ஏக்கருக்கு 2 அல்லது 3 கிலோ விதை போதும், 14 நாள் நாற்று, குத்துக்கு ஒரு நாற்று. எல்லாம் சரி, ஆனால் என் அனுபவத்தில் ஒருவர் இந்த முறையில் நிலைப்பாரா, பழையபடி திரும்பிவிடுவாரா என்பதை கோனோவீடர் என்ற, கையால் தள்ளும் இந்தக் களையெடுக்கும் கருவிதான் முடிவு செய்கிறது.

வேலை நன்றாகவே செய்கிறது. பல் வைத்த இரண்டு கூம்பு உருளைகள் முன்னும் பின்னும் உருண்டு களையைச் சேற்றிலேயே அமுக்கிவிடும், மண்ணும் கிளறப்படுவதால் தூர் நன்றாகக் கட்டும். ஆனால் வயலில் மெல்லிசாகத் தண்ணீர் நிற்க வேண்டும், முறை வைத்துத் தண்ணீர் விடும் கடைமடையில் அது நம் கையிலா இருக்கிறது? களிமண்ணில் தள்ளினால் தோள்பட்டை கழன்றுவிடும். கையால் களை பறித்துப் பழகிய அக்காமார்கள் அரை மணி நேரத்தில் ஓரமாக வைத்துவிட்டார்கள், அவர்கள் மேல் தப்பு இல்லை, அவர்கள் உயரத்துக்கு அந்தக் கைப்பிடி பொருந்தவில்லை.

அப்புறம், 25 செ.மீ. சதுரத்தில் கயிறு பிடித்து நட்டிருந்தால்தான் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ஓட்ட முடியும். மானியம் கிடைத்தாலும், முதலில் யாரிடமாவது இரவல் வாங்கி உங்கள் மண்ணில் தள்ளிப் பாருங்கள்.