காது, போன், ஸ்கேனர், பாட்டில்: பழைய பிக்கப்பின் கோளாறைக் கண்டுபிடிக்க எது உதவும்?

லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைச்சாலைதான் எங்கள் பக்கத்து வண்டிகளுக்கு உண்மையான எஃப்.சி. கம்பத்தில் சமதளத்தில் சொன்னபடி கேட்கும் பிக்கப்கூட, காய்கறி மூட்டைகளோடு இரண்டாவது கியரில் ஏறும்போதுதான் தன் குணத்தைக் காட்டும். என் வண்டி 2014 மாடல், காமன் ரெயில் டீசல். பம்ப் அழுத்தும் டீசல் ரெயில் என்ற ஒரே பொதுக் குழாயில் சேர்ந்து, அங்கிருந்து எல்லா நாசிலுக்கும் போகும் ரகம். பெரியாறு பவர் ஹவுஸுக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன். இழுவை போனது, செக் லைட் எரிந்தது, வண்டி ஆஃப். ஃபில்டர் மேலிருக்கும் கைப்பம்பை நாலைந்து தரம் அமுக்கி, செல்ஃபை நீளமாக அடித்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிட்டது. அந்தக் கைப்பம்பே பாதிப் பதில் என்பது அப்போது உறைக்கவில்லை.

அடுத்த மூன்று வாரத்தில் நாலு வழிகளையும் பார்த்துவிட்டேன்.

முதலில் காது. எங்கள் ஊர் மெக்கானிக்குகளில் பலர் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளில் கை பழகியவர்கள். மிஸ்ஸிங்கா, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் தட்டுகிறதா, டர்போ ஹோஸ் கிழிந்து சீறுகிறதா என்று பானெட்டைத் திறக்காமலே சொல்வார்கள். நான் போன பட்டறையில் அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: “ஆஃப் ஆகுறப்போ புகை வந்துச்சா தம்பி?”

“இல்லண்ணே.”

“அப்பக் காத்துக்குப் பஞ்சமில்ல. டீசலுக்குத்தான் பஞ்சம்.”

ஒரு பைசா வாங்காமல் பாதி இன்ஜினைக் கழித்துக் கொடுத்துவிட்டார். டர்போ ஹோஸ் கிழிந்தாலோ ஏர் ஃபில்டர் அடைத்தாலோ, டீசலுக்கேற்ற காற்று கிடைக்காமல் ஏற்றத்தில் கரும்புகை தள்ளும். புகையே இல்லாமல் இழுவை குறைந்தால் சந்தேகம் டீசல் வரும் வழி மேல்தான். ஆனால் காதுக்கு ஒரு பெரிய குறை உண்டு. கோளாறு மலையில் வருகிறது, அண்ணன் பட்டறையில் இருக்கிறார். அவர் முன்னால் வண்டி பூனை மாதிரி ஓடியது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பழைய பம்ப் இன்ஜினில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும்போதே நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் பண்ணுவார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. சும்மா ஓடும்போதே ரெயிலில் ஏறக்குறைய 300 பார் அழுத்தம் இருக்கும். முழு பாரத்தில் 1,600 பார் வரை போகிற வண்டிகள் உண்டு. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். மேலுக்கு ஊசி குத்தியதுபோல் சின்னப் புள்ளிதான் தெரியும். அப்படியே விட்டால் விரலையே எடுக்க வேண்டிவரும். கை பழகியவர்தான் இதில் அதிகம் மாட்டுவார், பழக்கம் அப்படி.

இரண்டாவது, போன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு பின் சாக்கெட்டில் செருகும் ப்ளூடூத் டாங்கிள் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனில் காட்டும் சின்னக் கருவி அது. எல்லாப் பழைய வண்டியும் இதற்குப் பதில் சொல்லாது. இந்தியாவில் பிஎஸ் 4 என்ற புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளுக்கு, கோளாறைத் தானே கண்டு கோட் எண்ணாகச் சொல்லும் ஓபிடி 2 வசதி கட்டாயமானது 2013 ஏப்ரலில். பிஎஸ் 4 நாடு முழுக்க வந்ததோ 2017 ஏப்ரல் 1-ல். அதற்கு முந்தைய பிஎஸ் 3 பிக்கப் என்றால் டாங்கிள் வாங்கும் முன், அதே மாடல் வைத்திருப்பவரிடம் இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். என்னுடையது பதில் சொன்னது: பி 0087. ரெயில் அழுத்தம் குறைவு.

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பி 0087 என்பது காய்ச்சல் 102 என்பது மாதிரி, வியாதியின் பெயர் இல்லை. ஃபில்டர் அடைத்திருக்கலாம், வழியில் ஏர் புகலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், பம்பின் மீட்டரிங் வால்வு சிக்கலாம், நாசில் உள்ளுக்குள் கசிந்து, மிச்ச டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் பைப்பில் விடலாம், ஒருவேளை சென்சாரே பொய் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் கோட் இது ஒன்றுதான்.

ஆனால் டாங்கிளுக்கு வேறு எதற்கும் இல்லாத ஒரு வசதி: மலையேறும்போது கூடவே வரும். மச்சானைப் பக்கத்தில் உட்காரவைத்து ரெயில் அழுத்தத்தைப் படிக்கச் சொன்னேன். ஆப் கிலோபாஸ்கலில் காட்டும், நூறால் வகுத்தால் பார். லோயர் கேம்ப் வரை ஒழுங்காக இருந்த எண், ஏற்றம் கூடக்கூட நடுங்கி, பிறகு மடமடவென்று இறங்கியது. டேங்க் நிறைய டீசல் அடித்துக்கொண்டு ஏறிய நாளில் அவ்வளவு நடுக்கம் இல்லை. இதை மச்சான்தான் கவனித்தார்.

மூன்றாவது, பெரிய ஸ்கேனர். உண்மையில் இதற்கு டாங்கிளைவிடப் பத்து மடங்கு விஷயம் தெரியும். என் டாங்கிள் இருக்கிற அழுத்தத்தை மட்டும் சொன்னது. இது ஈசிஎம், அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், கேட்கிற அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும். இரண்டுக்கும் இடைவெளி எப்போது விழுகிறது என்பதே பெரிய தடயம். நாசில்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம், நட்டில் கை வைக்க வேண்டாம். நாசில் மாற்றினால் அதன் மேலுள்ள எண்ணை ஈசிஎம்மில் ஏற்ற வேண்டிய மாடல்களில் இது இல்லாமல் முடியாது. ஆனால் நான் போன இடத்தில் ஸ்கேனர் மலையேறவில்லை. வளாகத்தில் நிற்கவைத்துப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. மிச்சம் இருந்தது கோட் மட்டும்தான். அதை வைத்து, “பம்ப் மாத்திடலாம் சார்” என்றார்கள். முப்பதாயிரத்துக்கு மேல். கருவி நல்ல கருவிதான், அதைக் கேட்ட கேள்விதான் தப்பு.

ஒவ்வொரு பார்ட்ஸாக மாற்றிப் பார்ப்பதும் ஒரு வழியாம். ஃபில்டர் வரைக்கும் சரி. அதற்கு மேல் அது கண்டுபிடிப்பில் சேராது, சீட்டாட்டம்.

நாலாவதுதான் எனக்குப் பிடித்தது. பாட்டிலும் டியூபும். டீசல் பம்ப், நாசில் பழுது பார்க்கும் கடையில் நாலு நாசிலின் ரிட்டர்ன் பைப்பையும் கழற்றி, நாலு பாட்டிலில் விட்டார்கள். இரண்டு நிமிடம் ஐடிலிங். ஒரு பாட்டில் மட்டும் மற்றதைவிட எக்கச்சக்கமாக நிறைந்தால் அந்த நாசில் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு நாலும் ஏறக்குறைய ஒரே மட்டம். அதோடு நாசில் பயம் போனது.

பதில் கிடைத்தது குமுளியில். கடைக்கார சேட்டன், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூபில் ஒரு சாண் வெட்டி, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் மாட்டினார். அது உறிஞ்சும் பக்கம், அழுத்தம் கிடையாது, அதனால் அங்கே மாட்டலாம். ரெயில் பக்கம் நினைத்தும் பார்க்காதீர்கள். ரேஸ் பண்ணியதும் டியூபுக்குள் சோடா மாதிரி குமிழ். “எயர் வலிக்குன்னுண்டு” என்றார். மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. எனக்கோ வண்டிக்கு எங்கேயோ வலிக்கிறது என்றுதான் கேட்டது. அதுவும் தப்பில்லை.

டேங்கிலிருந்து வரும் ரப்பர் பைப் சேஸில் உரசி, கிளிப்புக்கு அடியில் மயிரிழை வெடிப்பு. தரையில் ஒரு சொட்டு டீசல் சிந்தவில்லை. அது உறிஞ்சும் பைப் என்பதால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். வண்டி மூக்கைத் தூக்கி ஏறும்போது இன்ஜின் டேங்கைவிட உயரத்துக்குப் போகிறது, பாரத்தால் டீசல் தேவையும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து உறிஞ்சும் வேகம் அதிகமாகி, சமதளத்தில் சமாளித்த வெடிப்பு மலையில் வாய் திறந்தது. டேங்க் நிறைந்திருந்தபோது நடுக்கம் குறைந்ததும் இதனால்தான்: டீசல் மட்டம் உயர்ந்தால் உறிஞ்சும் வேலை குறையும். பைப்பும் இரண்டு கிளிப்பும் 300 ரூபாய்கூட ஆகவில்லை.

இதைக் கேட்ட மச்சான் உடனே ஒரு சாண் டியூப் வாங்கித் தன் வண்டியில் போட்டுவைத்தார். அடுத்த மாதமே அவர் பிக்கப் நின்றது. இன்ஜின் சூடானால் ஆஃப், அரை மணி நேரம் ஆறினால் ஸ்டார்ட். டியூபில் ஒரு குமிழ்கூட இல்லை. அண்ணன் காதுக்கும் ஒன்றும் எட்டவில்லை. டாங்கிளைச் செருகி செல்ஃப் அடித்தோம். இன்ஜின் சுற்றுகிறது, போனில் ஆர்பிஎம் பூஜ்யம். இன்ஜின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்தான் காரணம். சூட்டில் செத்து, ஆறினால் பிழைக்கிற ரகம். பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆனது. டாங்கிளைக் கழற்ற மறந்து சாக்கெட்டிலேயே விட்டுவிட்டார், நாலு நாள் சும்மா நின்ற வண்டியில் பேட்டரி இறங்கிப்போனது. அது வேறு கதை.