என்ஜின் பக்கத்தில் பற்றரி வைத்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்

பழைய மிட்சுபிசி ரோசா சின்ன பஸ் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் வைத்து, குடும்பத்தோடு தங்கிப் பயணம் போகிற வண்டியாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். மலைநாட்டில் இப்போது என்னைப் போல இன்னும் சிலரும் இந்த வேலையில் இறங்கியிருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பஸ்ஸுக்குள் வீட்டுப் பாவனைக்கு 150 ஆம்பியர் பற்றரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டுக்குப் பின்பக்கப் பெட்டியில் வைத்திருந்தேன். அந்த இடத்தில் தண்ணீர்த் தாங்கியை வைக்க நினைத்து, பற்றரியை எங்கே மாற்றலாம் என்று கம்பளைப் பக்கம் ஒரு கராஜில் கேட்டேன். பாஸ் யோசிக்கவே இல்லை. "என்ஜின் பக்கத்திலேயே வச்சிடலாம் சேர், நுவரெலியா குளிருக்குப் பற்றரி விறைச்சிடும், சூட்டுல இருந்தா நல்லா உழைக்கும், வயரும் குறையும்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 70 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், இரண்டு ஃபியூஸ், இரும்புத் தட்டு, கூலி எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய் என்று கையெழுத்தில் பில் போட்டுத் தந்தார், நானும் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதலில் தண்ணீர் குறைந்தது. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பற்றரித் தண்ணீர் ஊற்ற வேண்டி வந்தது. பாஸிடம் போனில் சொன்னால் "புதுசுல அப்படித்தான் சேர்" என்கிறார், பற்றரிக்கு அப்போதே ஒரு வருடம் ஆகியிருந்தது.

அப்புறம் ஒரு நாள் புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறினோம். அந்த ஏற்றம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இரண்டாம் கியரிலேயே கிடந்து என்ஜின் கொதிக்கும். குளிர் என்று கண்ணாடி எல்லாம் மூடியிருந்தோம். மேலே போய் நிறுத்தியபோது உள்ளே அழுகிய முட்டை நாற்றம். அம்மாவுக்கு ஏற்கனவே இழுப்பு இருக்கிறது, இருமத் தொடங்கிவிட்டார். மனைவி தேத்தண்ணீர் போடுவோம் என்று அடுப்புக்குத் தீக்குச்சியைக் கையில் எடுத்துவிட்டார். ஏதோ தோன்றி நான் கத்தி நிறுத்தினேன், கதவுகளைத் திறந்துவிட்டேன். அளவுக்கு மீறி சார்ஜ் ஏறும் பற்றரி ஹைட்ரஜனை வெளிவிடும், காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும் என்பதைப் பிறகுதான் முழுமையாகத் தெரிந்துகொண்டேன். ரோசாவில் என்ஜின் மூடி சாரதி சீட்டுக்குப் பக்கத்திலேயே, அதாவது நாங்கள் உட்காருகிற, தூங்குகிற அதே அறைக்குள் இருக்கிறது. அந்தத் தீக்குச்சியை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது.

நானுஓயாவில் தெரிந்த ஒரு எலெக்ட்ரீஷன் தம்பி வந்து மூடியைத் திறந்து பார்த்தார். என்ஜினை நிறுத்தி அரை மணி நேரம் ஆகியும் பற்றரியின் பக்கச் சுவர் 61 பாகை காட்டியது. ஓடும்போது விசிறிக் காற்றாவது படுகிறது, நிறுத்திய பிறகு என்ஜின் சூடு முழுவதும் மூடிக்குள் தேங்கிவிடுகிறது அண்ணே என்று விளக்கினார். ஈயப் பற்றரிக்கு 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். சூடான பற்றரிக்கு சார்ஜ் வோல்ட்டையும் குறைக்க வேண்டும், என்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏற்றுகிற ஒல்டர்நேட்டருக்கு அது தெரியாது, போட்ட வோல்ட்டையே போட்டுக்கொண்டிருக்கும், தண்ணீர் வற்றிப் போனது அதனால்தான். குளிர் என்று சொன்னதும் வெறும் கதை. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் புல்லில் உறைபனி விழுந்தாலும் நிறைய சார்ஜ் உள்ள பற்றரி அதற்கெல்லாம் உறையாது.

இது தெரியாமல் செய்தது என்றே வைத்துக்கொள்வோம். மற்றது தெரிந்து செய்தது. தம்பி வயரின் நுனியை பிளேடால் சுரண்டிக் காட்டினார், மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம்! பில்லில் எழுதிய இரண்டு ஃபியூஸில் ஒன்றுகூட இல்லை. தகட்டில் துளை போட்டு, ரப்பர் வளையம் இல்லாமல் அப்படியே வயரை இழுத்திருக்கிறார்கள், தகட்டு விளிம்பு உரசி உரசி மேலுறை பாதி வெட்டுப்பட்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் ஃபியூஸ் இல்லாத அந்த வயர் பஸ்ஸின் இரும்பு உடம்பில் பட்டு பஸ்ஸே எரிந்திருக்கும், உள்ளே நாங்கள் இருந்திருப்போம்.

பில்லோடு கராஜுக்குப் போனேன். "நீங்க சொன்ன இடத்துலதானே வச்சோம்" என்றார் பாஸ். அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை. இரண்டு பற்றரியும் போய்விட்டது.

இப்போது புதுப் பற்றரிகள் பழைய பெட்டியிலேயே இருக்கின்றன, தண்ணீர்த் தாங்கி கட்டிலுக்குக் கீழே போனது. பெட்டியை உள்பக்கம் அடைத்து, காற்றுப்போக்குக் குழாயை வெளியே விட்டு, பற்றரிப் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் போட்டிருக்கிறோம். நீளம் கூடிய செம்பு வயருக்குச் செலவு கூடியது உண்மைதான். வேலை செய்யக் கொடுக்கிறவர்கள் வயரைச் சுரண்டிப் பார்த்து, ஃபியூஸைக் கண்ணால் கண்ட பிறகு மட்டும் பணம் கொடுங்கள்.

போன கிழமை அந்தக் கராஜைத் தாண்டிப் போனேன். வெள்ளைக் கோஸ்டர் பஸ் ஒன்று சீட்டெல்லாம் கழற்றி நின்றது. அது உங்களுடையது என்றால், பஸ்ஸை எடுக்கும் முன் என்ஜின் மூடியைத் தூக்கிப் பாருங்கள்.