நச்சுப்பாசிக் கண்காணிப்பு: நுண்ணோக்கியா, க்யூபிசிஆரா, மெட்டாபார்கோடிங்கா?

கடல்நீரில் நச்சுப்பாசி பெருகினால், அதைத் தின்னும் சிப்பியின் சதையில் நஞ்சு சேரும். அதனால் சிப்பி அறுவடையை இந்த வாரம் நிறுத்துவதா வேண்டாமா என்பது கேள்வியானால், நீரில் கலந்திருக்கும் டிஎன்ஏவை மொத்தமாகப் படித்து இனங்களைக் காணும் மெட்டாபார்கோடிங்கை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். சீக்வென்சிங் முடிந்து விடை வர நாட்கள் ஆகும், சில நேரம் வாரங்கள். வருவதும் விகிதம்தான், லிட்டருக்கு இத்தனை செல் என்ற கணக்கு அல்ல. யாரும் தேடாத இனம் புதிதாக நுழைந்திருக்கிறதா என்று அறிய மட்டும் அதற்கு ஈடு கிடையாது.

நிஜமான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். லுகோல் (செல்களைக் கெடாமல் வைக்கும் அயோடின் கரைசல்) கலந்த 50 மில்லி நீரை 24 மணி நேரம் படியவிட்டு, தலைகீழ் நுண்ணோக்கியில் அடித்தட்டு முழுவதையும் எண்ணினால், அகப்படும் ஒவ்வொரு செல்லும் லிட்டருக்கு 20 என்று கணக்கு. செலவு குறைவு, எண்ணிக்கையும் நேரடி. ஆனால் சூடோ-நிட்சியா என்ற பாசிப் பேரினத்தில் பல இனங்களை இதில் பிரித்தறிய முடியாது. ஓட்டின் நுண்துளைகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும். டொமோயிக் அமிலம் என்ற நஞ்சை உண்டாக்குவதோ அவற்றில் சில இனங்கள் மட்டுமே.

தேடும் இனத்தின் டிஎன்ஏ துண்டைப் பெருக்கி அளக்கும் க்யூபிசிஆர் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும், வேறு சிலவற்றைக் கொண்டுவரும். 1 லிட்டரை 3 மைக்ரான் ஃபில்டரில் வடிக்கும்போது உறிஞ்சல் கூடினால், கவசமில்லாத கரேனியா என்ற பாசி உடைந்து அதன் டிஎன்ஏ வடிநீரோடு போய்விடும். பிரித்தெடுத்த டிஎன்ஏ 100 மைக்ரோலிட்டர், வினைக்கு எடுப்பது 2 என்றால், அந்தக் குழியில் இருப்பது 20 மில்லி கடல்நீர்தான். 1 லிட்டர் வடித்த நிம்மதி அங்கேயே போச்சு! வழக்கமாகக் குறிவைக்கும் ரைபோசோம் மரபணு ஒரு செல்லில் ஏராளமான நகல்களாக இருப்பதால் அப்போதும் பிடிபடும். அதே நகல்கள்தான் சிக்கலும்: அலெக்ஸாண்ட்ரியம் என்ற நச்சுப்பாசியில் நகல் எண்ணிக்கை வகைக்கு வகை பெரிதும் மாறும். வேறு கடலில் பிடித்து வளர்த்த வகையை வைத்துத் தரக்கோடு (அளவு தெரிந்த மாதிரிகளைக் கொண்டு வரையும் ஒப்பீட்டுக் கோடு) போட்டால், செல் கணக்கு பல மடங்கு பிசகும்.

அடிக்கடி கோட்டைவிடும் இடம், வினைத்தடை. கலங்கல் நீரிலுள்ள, மக்கிய தாவரங்களிலிருந்து வரும் ஹியூமிக் பொருட்கள் என்சைமை முடக்கினால் 'பாசி இல்லை' என்றே திரை காட்டும். டிஎன்ஏவை 10 மடங்கு நீர்க்கவைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். சிடி மதிப்பு, அதாவது டிஎன்ஏ இரட்டித்து இரட்டித்துத் தென்படத் தொடங்கும் சுற்றின் எண், சுமார் 3.3 கூட வேண்டும். 1 மட்டுமே கூடினாலோ, மாறாகக் குறைந்தாலோ, முதல் விடையை நம்பாதீர்கள். வினையை ஆயிரக்கணக்கான துளிகளாகப் பிரித்து எண்ணும் டிஜிட்டல் பிசிஆர் இந்தத் தடையை இன்னும் நன்றாகத் தாங்கும், தரக்கோடும் வேண்டாம். ஆனால் அது தருவதும் நகல் எண்ணிக்கைதான். பாசி பெருகிய நேரத்தில் நீர்க்கவைக்காமல் போட்டால் துளிகள் எல்லாமே நிறைந்து, கணக்கே வராது.

சாக்ஸிடாக்சின் என்ற நரம்பு நஞ்சுக்கான எஸ்எக்ஸ்டிஏ4 மரபணுவைக் குறிவைத்தால், இனப்பெயர் தெரியாமலே நஞ்சு உண்டாக்கக்கூடியவை இருக்கின்றனவா என்று தெரியும். எவ்வளவு நஞ்சு என்று தெரியாது. பல நாடுகளில் தடை விழுவது சதையில் கிலோவுக்கு 800 மைக்ரோகிராம் சாக்ஸிடாக்சின், 20 மில்லிகிராம் டொமோயிக் அமிலம் என்ற வரம்பைத் தாண்டினால்தான். அதற்கு வேதிப் பரிசோதனை தனியாக வேண்டும்.

வாராந்தர வேலைக்கு எங்கள் தேர்வு, நுண்ணோக்கியும் க்யூபிசிஆரும் சேர்ந்து. நீரை இரண்டு பாட்டிலில் எடுங்கள். லுகோல் போட்டதையே பிசிஆருக்கும் பயன்படுத்தினால் அயோடின் வினையைக் கெடுக்கும், வைத்திருக்க வைத்திருக்க டிஎன்ஏவும் சிதையும். இரண்டாவது பாட்டிலை அன்றே வடித்து, ஃபில்டரை உறையவைத்துவிடுங்கள்.