அகத்தித் தீவுக்குப் பறக்க: கொச்சியா, பெங்களூருவா?

கோவைக்காரர்கள் யோசிக்காமல் கொச்சிக்குப் போய்விடுவார்கள். ஓசூர்க்காரர்கள் யோசிக்காமல் பெங்களூருவுக்கு. சேலத்தில் இருக்கும் எங்களுக்கு இரண்டுக்குமே போக முடியும் என்பதால், லட்சத்தீவு போக முடிவு செய்த நாளிலிருந்து வீட்டில் இதே பேச்சு. இதுவரை இரண்டு முறை போய்விட்டோம். முதல் முறை போக வர இரண்டுக்கும் கொச்சி. இரண்டாம் முறை கொச்சி வழியாகப் போய், பெங்களூரு வழியாகத் திரும்பினோம். இனி எங்களுக்குக் கொச்சிதான். ஏன் என்று சொல்கிறேன்.

லட்சத்தீவு முழுக்கத் தேடினாலும் விமானம் இறங்கும் ஓடுபாதை அகத்தியில் மட்டும்தான். 1988-ல் திறந்தது. நீண்ட காலம் கொச்சிதான் அதற்கு வாசல், பிற்பாடு அலையன்ஸ் ஏர் அந்தத் தடத்தில் ஓடியது. 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே போய் வந்த பிறகு நாடே தீவைப் பற்றிப் பேசத் தொடங்கியது. அதே ஆண்டு மார்ச் 31 அன்று இண்டிகோ பெங்களூருவிலிருந்து நேரடிச் சேவையைத் தொடங்கியது. மே மாதம் கொச்சிக்கும் கோழிக்கோட்டுக்கும் விரித்தது. கோவாவிலிருந்து ஃப்ளை91 நிறுவனமும் வந்தது. அப்படித்தான் நம் முன்னால் இந்தக் கேள்வி வந்து நின்றது.

டிக்கெட் விலையில் நான் பார்த்த நாட்களில் பெரிய வித்தியாசம் இல்லை. நுழைவு அனுமதி எந்த வழியில் போனாலும் வேண்டும், காவல் நிலையச் சான்றிதழும் வேண்டும். ஜன்னல் வழியே தெரியும் அந்தப் பச்சை நீல நீர் எல்லா விமானத்திலும் ஒன்றுதான். இவற்றை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

முடிவு செய்ய வேண்டியது எடையை வைத்து. அகத்தி ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர். சென்னையின் பெரிய ஓடுபாதை 3,600 மீட்டருக்கும் மேல். அதனால்தான் ஏர்பஸ், போயிங் எல்லாம் அங்கே இறங்குவதில்லை, இறக்கையில் விசிறி சுற்றும் ஏடிஆர் 72 தான் வருகிறது. அந்த ஏடிஆர் கூட முழு எடையோடு கிளம்ப 1,300 மீட்டர் அளவுக்கு ஓட வேண்டும். இல்லாத நூறு மீட்டருக்கு எடையில் ஈடு கட்டியாக வேண்டும், அதாவது ஆளையோ பெட்டியையோ குறைக்க வேண்டும். எரிபொருளில் கை வைக்க முடியாது. கொச்சியிலிருந்து அகத்தி சுமார் 460 கிலோமீட்டர். பெங்களூருவிலிருந்து 650-ஐத் தொடும். கூடுதலாகப் பறக்க வேண்டிய அந்த இருநூறு கிலோமீட்டருக்கான எரிபொருளும் அகத்தியில் கிளம்பும்போதே விமானத்தின் டேங்கில் இருக்க வேண்டும். ஆக, தூரத்து ஊருக்குப் போகும் விமானத்தில் நம் பெட்டிக்கு இடம் இன்னும் இறுக்கம்.

இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் பயணத்தில் திரும்பும்போது, அகத்தியில் ஆறு கிலோ மாசிக் கருவாடு வாங்கி அட்டைப் பெட்டியில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தோம். கவுன்டரில் பெட்டிகளை எடை போட்டார்கள், அப்புறம் தோளில் இருந்த பையையும் தராசில் வைக்கச் சொன்னார்கள். அங்கிருந்தவர் எழுதி எழுதிக் கூட்டினார், பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார், எங்கள் அட்டைப் பெட்டியைக் கையால் நகர்த்தி ஓரமாக வைத்தார். அது இரண்டு நாள் கழித்துக் கொச்சி வந்தது. கொச்சிக்குப் பக்கத்தில் ஆலுவாவில் இருக்கும் என் மனைவியின் அக்கா போய் எடுத்து, ரயிலில் சேலம் வந்த தெரிந்தவரிடம் கொடுத்தனுப்பினார். கவுன்டரில் இருந்தவர்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை, அந்த ஓடுபாதையில் அப்படித்தான் செய்ய வேண்டும். கொச்சித் தடத்திலேயே இந்த நிலை என்றால் மற்றதை நினைத்துப் பாருங்கள். நாங்கள் பெங்களூருவுக்கு வந்த அந்த ஒரு முறை, ஆளுக்கு எட்டு கிலோவுக்குள் கட்டியிருந்ததால் எதுவும் விடுபடவில்லை. ஒரே அனுபவம் என்பதால் அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது, விமானம் ரத்தானால் என்ன செய்வது? அகத்திக்கு அக்கம்பக்கத்தில் மாற்று ஓடுபாதை கிடையாது. வானம் ஒத்துழைக்காவிட்டால் கேரளக் கரைக்கே திரும்ப வேண்டும், அல்லது கிளம்பவே கூடாது. இரண்டாம் பயணத்தில் கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியில் நாங்கள் காத்திருந்தபோது மழையால் அன்றைய விமானம் ரத்து. எங்களுக்கு மறுநாள் இடம் கிடைத்தது, ஆலுவாவில் ஓர் இரவு தங்கினோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற அகத்திப் பெரியவர், மருத்துவமனைக் காகிதங்களை மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, ‘கப்பல் உண்டு’ என்று சொல்லிவிட்டு கொச்சித் துறைமுகம் இருக்கும் வில்லிங்டன் தீவுக்குக் கிளம்பிவிட்டார். தீவுக்காரர்களுக்குப் பெரும்பாலும் கொச்சியில்தான் கப்பல், லட்சத்தீவு நிர்வாகத்தின் அலுவலகம் ஒன்றும் கொச்சியில் இருக்கிறது. 700 பேர் ஏறும் எம்.வி. கவரத்தி போன்ற கப்பல்கள் அங்கிருந்து புறப்படும். வெளியூர்க்காரருக்குக் கடைசி நேரத்தில் கப்பல் டிக்கெட் கிடைப்பது கஷ்டம், அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் கேட்டுப் பார்க்க ஓர் அலுவலகமும், போய் நிற்க ஒரு துறையும் அந்த ஊரில் இருக்கின்றன. பெங்களூருவில் ரத்தானால் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பெங்களூரு யாருக்குச் சரி? அந்த ஊரிலேயே இருப்பவர்களுக்கு, வட இந்தியாவிலிருந்து விமானம் மாறி வருபவர்களுக்கு, சின்னப் பையோடு மூன்று நாள் போய் வருபவர்களுக்கு. வயதானவர்களைக் கூட்டிப் போனால் இரவு ரயிலைத் தவிர்க்கலாம் என்பதும் ஒரு நியாயமான காரணம்தான். நாங்கள் சேலத்தில் நள்ளிரவு தாண்டி ஆலப்புழை எக்ஸ்பிரஸ் ஏறிக் காலையில் ஆலுவாவில் இறங்கினோம். என் மாமியாருக்கு அது சிரமமாகத்தான் இருந்தது.

எந்த வழியானாலும் ஒன்றைக் கவனியுங்கள். விமான அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் மாறும். ஆள் குறைந்த தடங்களில் நேரமும் நாளும் மாறுவது, சில நேரம் தடமே காணாமல் போவது, பெரும்பாலும் அந்த இரண்டு தேதிகளை ஒட்டித்தான். போகும் டிக்கெட் ஒரு பக்கமும் திரும்பும் டிக்கெட் மறுபக்கமும் விழுகிற மாதிரி எடுக்காதீர்கள்.

லட்சத்தீவின் இன்னொரு தீவான மினிக்காய் போக நினைப்பவர்களுக்கு இந்த அலசலே வேண்டாம். அங்கே விமானநிலையம் பேச்சளவில்தான் இருக்கிறது. கொச்சியில் கப்பல் ஏறுங்கள்.