உலோக வால்வு வைத்த பெண்ணுக்கு எந்தக் கருத்தடை?

என் சித்தி மகளுக்கு 27 வயது. முதல் பிரசவத்தின்போது மூச்சு வாங்கியதில்தான், சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கியிருந்தது தெரிந்தது. இப்போது உலோக வால்வு. ராத்திரி ஃபேனை நிறுத்தினால் அவள் நெஞ்சிலிருந்து டிக் டிக் என்று கேட்கும். அதில் ரத்தம் கட்டாமல் இருக்க தினமும் வார்ஃபரின். போன மாதம் கேட்டாள்: "அக்கா, மாலா மாத்திரை போட்டுக்கலாமா?"

கூடாது. மாலா-என், மாலா-டி இரண்டிலும் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. ரத்தம் உறைவதை அது கூட்டும். சிக்கலான வால்வு நோய் உள்ளவர்களுக்கு இந்த வகை மாத்திரையே ஆகாது என்று உலக சுகாதார நிறுவனம் 4-ஆம் வகையில் வைத்திருக்கிறது.

ஆணுறை இதயத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் நடைமுறையில் வருடத்துக்கு 100 பேரில் சுமார் 13 பேருக்குக் கரு தங்கிவிடுகிறது. இவளுக்கு நாள் தள்ளிப்போனால் இரண்டு பக்கமும் ஆபத்து. வார்ஃபரினைத் தொடர்ந்தால் 6 முதல் 12 வாரத்துக்குள் கருவின் மூக்கும் எலும்பும் பாதிக்கப்படலாம். நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டலாம். அதனால் எந்த முறையின் பக்கவிளைவையும் இந்த ஆபத்தோடு சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

உண்மையான போட்டி கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டிக்கும் ஹார்மோன் லூப்புக்கும்தான். காப்பர்-டி அரசு மருத்துவமனையில் இலவசம். 380ஏ வகை 10 வருடம் தாங்கும். தவறுவது 100-க்கு ஒன்றுக்கும் குறைவு. ஆனால் உதிரப்போக்கைக் கூட்டும். வார்ஃபரினால் இவளுக்கு ஏற்கெனவே மூன்று மணி நேரத்துக்கு ஒரு நாப்கின். ரத்தசோகை வந்தால் அந்தச் சுமையும் இதயத்தின் தலையில்தான் விழும். ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள லூப் நேர்மாறு. சில மாதங்களில் உதிரம் குறையும், சிலருக்கு நின்றே போகும். விலை ஆயிரக்கணக்கில் ஆகும், ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். எந்த லூப்பானாலும் வைப்பதற்கு முன் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்க்க வேண்டும், கிருமித்தொற்றைத் தடுக்க ஆன்டிபயாடிக் தேவையா என்று இதய மருத்துவரிடம் கேட்க வேண்டும். வைக்கும் நேரத்தில் சிலருக்கு நாடித்துடிப்பு திடீரென்று இறங்கும். நுரையீரல் ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. பெரிய மருத்துவமனையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

லூப் பிடிக்கவில்லையா? கைத்தோலுக்கடியில் வைக்கும் 4 சென்டிமீட்டர் ஹார்மோன் குச்சி 3 வருடத்துக்கு அநேகமாகத் தவறவே தவறாது. அவ்வப்போது சொட்டுச் சொட்டாகப் படும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கான போசென்டான் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இதன் பலன் குறையும். அந்தரா என்ற ஹார்மோன் கருத்தடை ஊசி 3 மாதத்துக்கு ஒன்று. தசையில் போடுவதால் வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அந்த இடத்தில் உள்ளே ரத்தம் கசிந்து வீங்கலாம். தேதியும் தவறக் கூடாது.

அப்புறம், அவள் மாமியார் சொன்ன குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். இரண்டாவது குழந்தை வேண்டாம் என்று உறுதியாக இருந்தால் இனி பிள்ளையே பிறக்காத முறை சரிதான். ஆனால் நெஞ்சைத் திறந்து மூடிய பெண்ணை ஏன் மறுபடி மயக்க மருந்துக்கு அனுப்ப வேண்டும்? ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடான நவீன வாசக்டமி கணவருக்கு மரத்துப்போகும் ஊசியோடு சில நிமிடங்களில் முடிந்துவிடும். அவள் இதயத்துக்கு எந்தச் சுமையும் இல்லை. செய்த 3 மாதம் வரை ஆணுறை, பிறகு விந்துப் பரிசோதனை.

இதை அவள் கணவரிடம் நானே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எத்தனை நாள் லீவு போடணும் அக்கா?" என்று கேட்டார்.