டிக்கா டி3எக்ஸ் லைட், 7எம்எம்-08: மலைக்குத் தூக்கிப் போக ஒரு ரைபிள்

எல்க், சிவப்பு மான் மாதிரி பெரிய விலங்குகளைத் தேடி மலையேறுகிறவர்கள் ரைபிள் வாங்கும்போது முதலில் கேட்பது "எத்தனை கிலோ?" என்றுதான். நியாயமான கேள்வி, ஆனால் பாதிக் கேள்வி. எந்தத் தோட்டா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எடையை மட்டும் பார்த்து வாங்கினால், பின்னால் பாடுபடுவது தோள்பட்டைதான். அதனால் என் டிக்கா ரைபிளையும் அதில் போடும் 7எம்எம்-08 தோட்டாவையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஃபின்லாந்தின் சாகோ நிறுவனத் தயாரிப்பு இது. 2003-இல் டி3 என்று வந்தது, 2016-இல் சில திருத்தங்களோடு டி3எக்ஸ் ஆனது. லைட் மாடல் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் 2.8 கிலோ பக்கம் வரும். இதைவிட இளைத்தவை இருக்கின்றன, கிம்பர் மொன்டானா 2.3 கிலோதான். ஆனால் மூச்சு வாங்க மேடேறி நின்று உடனே குறிபார்க்கும்போது, ரொம்ப லேசான ரைபிளின் முனை இதயத் துடிப்புக்கெல்லாம் ஆடும். கொஞ்சமாவது கனம் இருந்தால்தான் ஓரிடத்தில் நிற்கும்.

தோட்டாவை ஏற்றவும் எடுக்கவும் கையால் இயக்கும் போல்ட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எழுபது டிகிரி தூக்கினால் போதும், ஸ்கோப்பில் கை இடிக்காது, ஒரு விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போய் அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிவிடும். விசையின் இழுப்பை ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை மாற்றிக்கொள்ளலாம். 100 மீட்டரில் மூன்று குண்டும் 3 செ.மீ. வட்டத்துக்குள் விழும் என்பது கம்பெனியே தரும் உறுதி, என்னுடையது அதைக் காப்பாற்றுகிறது. குழல் ஒல்லி என்பதால் சீக்கிரம் சூடேறும், மூன்று நாலு குண்டுக்கு மேல் தொடர்ந்து சுட்டுவிட்டு குறி விலகுகிறது என்று புலம்பக்கூடாது.

பிடிக்காததும் உண்டு. தவறி வெடிக்காமல் இருக்கப் போடும் சேஃப்டியைப் போட்டால் போல்ட்டும் பூட்டிக்கொள்கிறது, அதாவது தோட்டாவை வெளியே எடுக்க சேஃப்டியை விலக்கியே ஆகவேண்டும், அந்த நேரத்தில் முனை எங்கே பார்க்கிறது என்பதில் கூடுதல் கவனம் வேண்டும். மேகசின் பிளாஸ்டிக், மூன்று தோட்டாதான் பிடிக்கும். எந்தத் தோட்டாவுக்கான மாடலானாலும் ரைபிளின் உடல் நீளம் ஒன்றே என்பதால் குட்டைத் தோட்டா போட்டாலும் ரைபிள் குட்டையாகாது. தோளில் ஊன்றும் கட்டையும் பிளாஸ்டிக்தான், அழகைப் பற்றிப் பேசவேண்டாம்.

சரி, தோட்டா. ஒரே தோட்டாவை 3.6 கிலோ ரைபிளைவிட 2.7 கிலோ ரைபிளில் சுட்டால், தோளில் விழும் உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல், இது வெறும் கணக்கு, யாரும் தப்ப முடியாது. அப்படிப்பட்ட லேசான ரைபிளில் .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பெரிய தோட்டாவைப் போட்டால், 7எம்எம்-08-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் உதைக்கும். நாலு தடவை அந்த அடி வாங்கியவன் ஐந்தாவது தடவை விசையை இழுக்கும் முன்பே தோளைச் சுருக்கிக் கண்ணை மூடிவிடுவான், குண்டு எங்கேயோ போகும். வெடிக்காத போலித் தோட்டாவைப் போட்டு இழுத்துப் பாருங்கள், முனை குதித்தால் அந்தப் பழக்கம் ஒட்டிவிட்டது என்று அர்த்தம்.

7எம்எம்-08 என்பது .308 வின்செஸ்டர் தோட்டாவின் கழுத்தை ஒடுக்கிச் செய்தது, ரெமிங்டன் 1980-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 9 கிராம் குண்டு வினாடிக்குச் சுமார் 850 மீட்டர் வேகத்தில் கிளம்பும். வேலைத்திறனில் பழைய 7x57 மவுசர் தோட்டாவுக்குப் பக்கத்தில். அந்த மவுசரால் ஆப்பிரிக்க யானை வேட்டைக்காரர் கராமோஜோ பெல் நூற்றுக்கணக்கில் யானை சுட்டாரே என்று வாதாட ஒருவர் எப்போதும் கிளம்புவார். பெல் யானை மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே என்று படித்தவர், நாம் அப்படியா?

நம்மைப் போன்றவர்களுக்குக் குண்டின் கட்டுமானம்தான் முக்கியம், விட்டத்தைப் பற்றி அடித்துக்கொள்வதைவிட. தோள் எலும்பில் பட்டுச் சிதறும் மென்மையான குண்டு விலங்கைக் காயப்படுத்தி ஓடவிடும், அதைவிடப் பாவம் வேட்டையில் இல்லை. ஒரு மூஸிடம் (மான் இனத்திலேயே பெரியது) தன் குண்டு தோற்றுப்போனதால்தான் ஜான் நோஸ்லர் நடுவில் தடுப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டையே உருவாக்கினார். முன்பாதி விரிந்தாலும் பின்பாதி உடையாமல் உள்ளே போகும். இல்லையென்றால் பார்ன்ஸ் மாதிரி முழுச் செம்புக் குண்டு, ஆனால் அது விரிய வேகம் வேண்டும், அதனால் 300 மீட்டருக்கு மேல் நான் விசையைத் தொடுவதில்லை.

தோட்டா எங்கும் கிடைக்கவேண்டும் என்பவர்கள் .308 எடுங்கள், உதை கொஞ்சம்தான் கூடும். உதையே ஆகாது என்றால் 6.5 கிரீட்மோர். பெரிய கரடி நடமாடும் இடத்துக்கு இந்த மூன்றையும் விட்டுவிட்டு .30-06 எடுப்பேன், அதற்காக அரைக் கிலோ கூடுதலாகச் சுமக்கவும் தயார்.

ஸ்கோப்பில் கோட்டை விடுபவர்கள் நிறைய. பல்லைக் கடித்து லேசான ரைபிளாகத் தேடி வாங்கிவிட்டு, அதன் மேல் ஒரு கிலோ கனத்தில் 5-25 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்பை ஏற்றுகிறார்கள். 350 கிராமுக்குள் வரும் 3-9x40 (3 முதல் 9 மடங்கு, முன் லென்ஸ் 40 மி.மீ.) போதும், அதை ரைபிளில் பொருத்தும் வளையங்களோடு மொத்தம் 3.3 கிலோவுக்குள் முடிந்துவிடும்.